காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது

காகம் வந்து இருந்தது, பனம்பழம் விழுந்தது. இந்தப் பழமொழியைச் சிறுவயதில் கேளாதவர் நம்மவரில் இல்லை எனலாம். பழுத்த பழம் காம்பு கழன்று விழும் நேரமும், காகம் பறந்து வந்து பனையில் அமர்ந்த நேரமும் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. பார்த்து நின்றவனுக்கோ, காகந்தான் பழத்தை வீழ்த்தியது என்று தோன்றியது. வடமொழியில் இதற்குக் காகதாலீய நியாயம் என்று பெயர். தாலம் என்றால் பனை.

பனையும் காகமும் நிறைந்த மண்ணில் பிறந்தவர்கள் இதனை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்களை மனம் எப்படி முடிச்சுப் போடுகிறது, அந்த முடிச்சினால் மனிதர் எவ்வளவு துன்பப்படுகின்றனர் என்பது சிந்திக்கத்தக்க விடயம். இதற்கு நல்லதோர் உதாரணம் பலெர்மோவில் வாழும் நமக்கு மிக அருகிலேயே, மொண்டெல்லோக் கடற்கரையிலேயே இருக்கிறது.

மொண்டெல்லோவும் கெட்ட காற்றும்

பெல்லெகிரீனோ மலைக்கும் கல்லோ மலைக்கும் இடையில் வளைந்து கிடக்கும் மொண்டெல்லோவின் வெண்மணற் கரை இன்று கோடை விடுமுறைக்கு எல்லோரும் விரும்பிச் செல்லும் இடம். பிள்ளைகள் கடலில் விளையாடுகின்றனர்; பெற்றோர் சோற்றுப் பொதியை அவிழ்க்கின்றனர். அங்குள்ள பெரிய வீடுகளில் வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய நம்மவரும் உண்டு.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் கரைக்குப் பின்னால் இருந்த நிலம் சதுப்பாகக் கிடந்தது. மீன்பிடிப்போர் சிலரைத் தவிர அங்கு குடியிருக்க விரும்புவார் அரிது. காரணம் காய்ச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சதுப்பு நீரை வடித்து நிலத்தைத் திருத்திய பிறகே மொண்டெல்லோ குடியிருப்பாகவும் உல்லாசக் கடற்கரையாகவும் மாறியது. கடலுக்குள் தூண்களின்மேல் நிற்கும் அழகிய குளிப்பு மண்டபம் 1913ஆம் ஆண்டளவில் எழுந்தது.

அந்தக் காய்ச்சலுக்கு இத்தாலியர் கொடுத்த பெயரே ஒரு பாடம். 'மாலா ஆரியா' என்றால் கெட்ட காற்று. இதிலிருந்துதான் மலேரியா என்ற சொல் வந்தது. சதுப்பு நிலத்தில் நாற்றம் வீசுகிறது. அதே இடத்தில் காய்ச்சல் வருகிறது. மாலையில் மூடுபனி எழுகிறது. மாலையில் வெளியே நின்றவனுக்கே காய்ச்சல் காண்கிறது. ஆகவே நாற்றமுள்ள காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று எல்லோரும் நம்பினர். இது பாமரரின் நம்பிக்கை மட்டுமன்று. கற்றறிந்த வைத்தியர்களும் பல நூற்றாண்டுகளாக இதனையே போதித்து வந்தனர்.

இவர்கள் கண்ணாற் கண்டது பொய்யன்று. நாற்றமும் காய்ச்சலும் உண்மையாகவே ஒரே இடத்தில் இருந்தன. இரவில் யன்னலைச் சாத்திப் படுத்தவர்களுக்குக் காய்ச்சல் குறைவாக வந்திருக்கவுங் கூடும். ஆனால் யன்னல் தடுத்தது காற்றையன்று, நுளம்பை. தேங்கிய நீர் ஒரு பக்கம் நாற்றத்தைத் தந்தது, மறு பக்கம் நுளம்பைப் பெருக்கியது. ஒரு தாயின் இரு பிள்ளைகள் ஒன்றாகத் திரிவது போல இரண்டும் சேர்ந்து திரிந்தன. மக்கள் மூக்குக்கு எட்டிய பிள்ளைமீது பழியைப் போட்டனர். உண்மைக் குற்றவாளி காதருகே ரீங்காரம் செய்துகொண்டே தப்பித்து வந்தது.

நுளம்பைக் கண்டவர்கள்

1880இல் அல்ஜீரியாவில் பணிபுரிந்த பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லவெரான், மலேரியா நோயாளியின் இரத்தத்தில் நுண்ணிய கிருமியைக் கண்டார். இந்தியாவின் அல்மோராவில் பிறந்து, இந்திய மருத்துவச் சேவையில் இருந்த ரொனால்ட் ரோஸ் என்பார், அக்கிருமியை நுளம்பின் உடலில் தேடினார். முதலில் அவர் அறுத்துப் பார்த்தவை வேறு இன நுளம்புகள். இரண்டு ஆண்டுகள் ஒன்றுங் கிட்டவில்லை. 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செக்கந்தராபாத்தில், புள்ளிச் சிறகுடைய வேறோர் இன நுளம்பின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இத்தாலியில் இதே ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் ஜியோவன்னி பத்திஸ்தா கிராஸி. அவர் சிந்தித்த விதம் நமது கட்டுரைக்கு மிகவும் முக்கியமானது. மலேரியா உள்ள இடங்களில் நுளம்பு இருக்கிறது என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. நுளம்பு ஏராளமாக இருந்தும் மலேரியா இல்லாத ஊர்கள் உள்ளனவே, அது ஏன் என்று கேட்டார். காய்ச்சல் உள்ள ஊர், காய்ச்சல் இல்லாத ஊர் ஆகிய இரண்டிலும் நுளம்புகளைப் பிடித்து ஒப்பிட்டார். அனோபிலிஸ் என்னும் இனமே காய்ச்சல் ஊர்களோடு சேர்ந்து நிற்பதைக் கண்டார். 1898இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும், மனித மலேரியாவை இந்த நுளம்பே பரப்புகிறது என்று நிறுவினர்.

ஆயினும் கெட்ட காற்று என்ற நம்பிக்கை எளிதில் சாகவில்லை. ஆகவே 1900ஆம் ஆண்டு, பட்ரிக் மான்சன் என்ற பிரித்தானிய மருத்துவர் இரண்டு சோதனைகளுக்கு ஏற்பாடு செய்தார். ரோமாபுரிக்கு அருகே ஒஸ்தியாச் சதுப்பு நிலப் பகுதியில், நுளம்பு புகாதபடி கம்பி வலை அடித்த ஒரு குடிசையில் சம்பொன், லோ என்னும் இரு வைத்தியர்களும் வேறு சிலரும் கோடை முழுவதும் தங்கினர். பகலில் வெளியே திரிந்தனர். பொழுது சாயுமுன் உள்ளே வந்துவிட்டனர். இரவெல்லாம் அந்தச் சதுப்பு நிலக் காற்றையே சுவாசித்தனர். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

மற்றச் சோதனையில், ரோமாபுரி மலேரியா நோயாளிகளைக் கடித்த நுளம்புகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. சதுப்பு நிலக் காற்று இல்லாத அந்த மாநகரில் மான்சனின் சொந்த மகன் தன் கையை அந்த நுளம்புகளுக்குக் கொடுத்தார். அவருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது.

கெட்ட காற்று இருந்தும் நுளம்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. கெட்ட காற்று இல்லாமலே நுளம்பு கடித்தது, காய்ச்சல் வந்தது. நூற்றாண்டுக் கணக்கான நம்பிக்கை ஒரே ஆண்டில் தீர்க்கப்பட்டது.

நமது முன்னோர் அறிந்த முறை

இந்தச் சோதனை முறை நமக்குப் புதியதன்று. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதற்கு நமது தருக்க நூலார் இரண்டு சான்றுகளைக் கேட்டனர். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களை போல, இது அன்வயம். நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை, நீர்நிலை போல, இது வெதிரேகம். உண்டு என்பதற்கு மட்டுமன்றி, இல்லை என்பதற்கும் சான்று காட்டவேண்டும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருந்தும் புகை இல்லையே என்ற கேள்வியையும் அவர்கள் விடவில்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும் என்று, ஒளிந்து நிற்கும் அந்த மூன்றாவது பொருளை உபாதி என்று பெயரிட்டு விளக்கினர். மொண்டெல்லோவின் தேங்கிய நீர் அத்தகைய ஒளிந்து நின்ற பொருளே.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவையைத் தொடக்கத்திலேயே வைத்தார். ஒன்றை அறிவதற்கு முன்னர், எப்படி அறிகிறோம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து.

இலங்கையும் இந்த நோய்க்கு அறிமுகமான நாடே. 1934-35இல் மலேரியா பரவி ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அவ்வாண்டு அங்கே மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, படுக்கைகளில் தெளிந்த நீர்க் குட்டைகள் நின்றன. அந்தத் தெளிந்த நீரிலேதான் இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு முட்டையிட்டுப் பெருகியது. சேற்று நாற்றத்துக்கு அங்கு வேலையில்லை. கெட்ட காற்றை நம்பி நின்றிருந்தால் அந்தக் குட்டைகளை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம் தெரிந்ததனால் நோயை ஒழிக்கவும் முடிந்தது. 1970இல் இத்தாலியும், 2016இல் இலங்கையும் மலேரியா அற்ற நாடுகளாக உலக சுகாதார நிறுவனத்தினால் ஏற்கப்பட்டன.

மனம் ஏன் முடிச்சுப் போடுகிறது?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். ஒரே அனுபவத்தில் பாடம் படிக்கும் இந்தத் திறமை உயிர்களுக்கு இயற்கை தந்த காவல். பற்றை அசைந்தவுடன் பாம்பு என்று விலகுபவன், பத்துத் தடவையில் ஒன்பது தடவை வீணாகப் பயந்தாலும், பத்தாவது தடவை உயிர் பிழைக்கிறான். ஆகவே தொடர்பைக் காணத் தவறுவதைவிட, இல்லாத தொடர்பைக் காண்பது மலிவானது என்று மனம் பழகிக்கொண்டது.

பறவைகளும் இதற்கு விலக்கல்ல. 1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், பசித்த புறாக்களுக்குக் குறித்த இடைவெளியில் தீனி தானாக விழும்படி செய்தார். புறா என்ன செய்தாலும் தீனி விழும். சும்மா நின்றாலும் விழும். ஆயினும் எட்டுப் புறாக்களில் ஆறு, தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று வட்டமாகச் சுற்றியது. வேறொன்று கூட்டின் மூலையை நோக்கித் தலையை நீட்டியது. தங்கள் சடங்கினாலேயே தீனி வருகிறது என்று எண்ணியவை போல அவை நடந்துகொண்டன.

மனிதரிடத்தில் இன்னொன்றும் சேர்கிறது. 1963இல் ஸ்மெட்ஸ்லண்ட் என்ற நோர்வே நாட்டு உளவியலாளர், தாதிமாருக்கு நூறு அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொரு அட்டையும் ஒரு நோயாளி. இன்ன அறிகுறி உண்டா இல்லையா, இன்ன நோய் உண்டா இல்லையா என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. உண்மையில் இரண்டுக்கும் தொடர்பில்லாதபடியே அட்டைகள் அமைக்கப்பட்டிருந்தன. ஆயினும் பெரும்பாலானோர் தொடர்பு உண்டு என்றே சொன்னார்கள். அறிகுறியும் நோயும் சேர்ந்திருந்த அட்டைகளை மட்டும் அவர்கள் மனத்தில் எண்ணினர். மற்ற மூன்று வகை அட்டைகளும் கண்முன் கிடந்தும் கணக்கில் வரவில்லை. நடந்தது நினைவில் நிற்கும். நடவாதது நினைவில் நிற்பதில்லை. இதுதான் இரகசியம்.

மூல நட்சத்திரத்து மருமகள்

நுளம்பையும் புறாவையும் விட்டு நமது வீட்டுக்குள் வருவோம். மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயிலியம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கும் விசாகம் இளைய மைத்துனருக்கும் ஆகாது என்ற பேச்சை யாவரும் அறிவர். நட்சத்திரங்கள் இருபத்தேழு. அவற்றில் நான்கு இப்படிக் கழிந்தால், பெண்பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழில் ஒருத்தி பிறந்த நாளிலேயே குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 270 மருமக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருபத்தேழில் ஒன்று என்ற கணக்கில் அவர்களில் பத்துப் பேர் மூல நட்சத்திரம். கலியாணம் முடிந்து சில ஆண்டுகளில், வயது காரணமாகப் பத்து மாமனாருக்கு ஒருவர் காலமாகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஆக 27 மாமனார்கள் இறக்கின்றனர். அவர்களில் 26 பேர் மற்ற மருமக்களின் மாமனார்கள். ஒருவர் மாத்திரம் மூலத்து மருமகளின் மாமனார். நட்சத்திரத்துக்கும் மரணத்துக்கும் எள்ளளவும் தொடர்பில்லாத நிலையிலேயே இந்தக் கணக்கு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஊர் என்ன பேசும்? 26 வீடுகளில் மருமகளின் நட்சத்திரத்தை ஒருவரும் விசாரிப்பதில்லை. மாமனார் சுகமாக இருக்கும் ஒன்பது மூலத்து மருமக்களைப் பற்றியும் பேச்சில்லை. அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவரை, பலெர்மோவிலிருந்து லண்டன், ரொறன்ரோவரை தொலைபேசியிற் பறக்கும். இரண்டு தலைமுறைக்கு அது சாட்சியாக நிற்கும்.

செவ்வாய்க் குற்றமும் இவ்வாறே. லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து வீடுகளில் செவ்வாய் நின்றால் குற்றம் என்பர். பன்னிரண்டில் ஐந்து என்றால், விலக்குகளைக் கழிக்குமுன், நூறு பிள்ளைகளில் நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கும். இவ்வளவு பேருக்கு உள்ள ஒன்று, எந்தக் குடும்பத்துத் துன்பத்திலும் தேடினால் அகப்படாமல் இருக்குமா?

சோதிட நூல் முழுவதையும் இங்கு வழக்காடுவது நோக்கமன்று. நல்ல நாள் பார்ப்பதும் நேர்த்தி வைப்பதும் அவரவர் மனத்துக்கு ஆறுதல் தருவன. ஆனால் ஆறுதல் தேடுவது வேறு. ஒரு பெண்ணின்மீது பழி சுமத்துவது வேறு. அந்நிய நாட்டில் தாய் தகப்பன் துணையின்றி வந்து நிற்கும் ஒரு மருமகளிடம், இவள் கால்வைத்த நேரம் என்று ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல்லை அவள் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பாள்? வந்த ஆண்டில் கணவனுக்கு வேலை போனது. வேலை கொடுத்த வீட்டார் வேறு ஊருக்குப் போனதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் காகத்தையே குற்றஞ் சொல்கிறோம்.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கண்ணூறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதும் உண்டு. காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தானாகவே இறங்கும். இறங்கினால் மிளகாய்க்குப் பெயர். இறங்காத காய்ச்சலில், டொக்டரிடம் போகாமற் கழிந்த அந்த இரண்டு நாட்களுக்கு யார் கணக்குச் சொல்வது? சுற்றிப் போட விரும்புவோர் போடட்டும். ஆனால் அதே மாலை டொக்டரிடமும் போகட்டும். மருந்து அதிகாரத்தில் வள்ளுவரும் நோயின் முதற்காரணத்தைத் தேடும்படியே வைத்தியனைப் பணித்தார்.

நாமும் ஒரு சிறு கூட்டமே

இந்த மயக்கம் மற்றவரிடமிருந்து நம்மீதும் பாயக்கூடியது. 1976இல் ஹமில்டன், கிஃபோர்ட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். இரண்டு கற்பனைக் கூட்டங்களைச் சேர்ந்தவர்களின் செயல்களாக 39 வாக்கியங்களை மக்களுக்குக் காட்டினர். பெரிய கூட்டத்துக்கு 26 வாக்கியங்கள். அவற்றில் 8 தீய செயல்கள். சிறிய கூட்டத்துக்கு 13 வாக்கியங்கள். அவற்றில் 4 தீய செயல்கள். விகிதம் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் பின்னர் கேட்டபோது, பார்த்தவர்கள் சிறிய கூட்டத்தின்மீது அதிகத் தீமையைச் சுமத்தினர். அரிதான கூட்டமும் அரிதான தீச்செயலும் ஒன்றாக வரும்போது, அது மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இத்தாலியில் நாம் சிறு கூட்டம். ஒரு தமிழன் பிழை செய்தால் தமிழர் என்று பேசப்படுவதும், ஓர் ஊரவன் அதே பிழையைச் செய்தால் அவன் பெயர் மட்டும் சொல்லப்படுவதும் இதனாலேயே. இதில் நாம் வருந்துவது நியாயம். ஆனால் அதே மூச்சில், நமக்குப் பின்னால் படகேறி வந்த ஆபிரிக்கரையோ வங்காளத்தவரையோ பற்றி, அவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று நாம் சொல்லும்போது, நமக்குச் செய்யப்பட்ட அதே பிழையை நாமே பிறருக்குச் செய்கிறோம்.

நான்கு பெட்டிகள்

இந்த மயக்கத்துக்கு மருந்து எளியது. இரண்டு காரியங்களுக்குத் தொடர்பு உண்டு என்று யாராவது சொன்னால், நான்கு பெட்டிகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அது இருந்தது, இதுவும் நடந்தது. அது இருந்தது, இது நடக்கவில்லை. அது இல்லை, இது நடந்தது. அதுவும் இல்லை, இதுவும் நடக்கவில்லை. முதற் பெட்டியைக் காட்டுவோரிடம், மற்ற மூன்றிலும் எத்தனை என்று மரியாதையாகக் கேட்கவேண்டும். நான்கையும் எண்ணிய பிறகும் தொடர்பு தெரிந்தால், இரண்டுக்கும் பின்னால் ஒளிந்து நிற்கும் மூன்றாவது ஒன்று உண்டா என்று தேடவேண்டும். கிராஸி செய்தது இதுவே. நமது தருக்க நூலார் சொன்னதும் இதுவே.

அடுத்த கோடையில் மொண்டெல்லோவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்த மணலில் இருந்துகொண்டே சதுப்பு நிலத்தின் கதையையும் காகத்தின் கதையையும் அவர்களுக்குச் சொல்லலாம். வீட்டில் புதிதாக வந்த மருமகள் இருந்தால், அவளும் கேட்கும்படி சொல்வது இன்னும் நல்லது.